பதினொரு மாடுகளும் பத்து வார்த்தைகளும்

மார்னியின் அப்பா லைல் நிமிடத்துக்கு இருநூறு வார்த்தை பேசுவார். இது கட்டிவிட்ட கதை இல்லை. சந்தையில் ஒருவர் கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணியே பார்த்திருக்கிறார்.

நெப்ராஸ்காவில் அவர்கள் ஊர் மாட்டுச்சந்தையில் ஏலம் விடுவதுதான் அவர் வேலை. வியாழக்கிழமை காலையில் மைக்கைப் பிடித்தால் சாயங்காலம்தான் விடுவார். வீட்டுக்கு வந்தால் மைக் இல்லாமல் தொடருவார். தன் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கிய கதையை, ஒரு காளையை விற்கிற நடுவில் முந்நூறு பேருக்குச் சொன்ன மனிதர் அவர்.

"ஓட்டைப் பானையில தண்ணி நின்னாலும் நிக்கும், உங்கப்பா வாயில ரகசியம் நிக்காது" என்பார் மார்னியின் அம்மா கோரா.

அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மார்னிக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அதற்கு முந்தின நாள்தான் ஓர் அதிர்ச்சியிலிருந்து அவள் தப்பிப் பிழைத்திருந்தாள். அவளுடைய சாரணர் குழு, ஓக் இலைச் சங்கத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க ஓட்டுப் போட்டது. அந்தச் சங்கத்துக்கு யாரும் தானாகப் போய்ச் சேர முடியாது. "இவள் நல்ல சாரணர்" என்று கூட இருக்கும் பிள்ளைகளே சீட்டில் எழுதிப் போட வேண்டும். யார் பெயர் வந்தது என்பதை முகாமில் எல்லார் முன்னாலும் கூப்பிடும்வரை யாருக்கும் தெரியாது.

"மார்னி ஹெடின்!" என்று கூப்பிட்டபோது அவள் வாயில் பாதி பன் இருந்தது. பன்னோடுதான் எழுந்து நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை, கூடார ஆணிகளைத் தேடிக் கீழ்த்தள அறைக்குப் போனாள். பழைய பெட்டி ஒன்றின் அடியில், செய்தித்தாளில் சுற்றி, ஏதோ மெத்தென்று இருந்தது. பிரித்தாள்.

தோளில் குறுக்காகப் போடும் வெள்ளைத் துணிப் பட்டை. நடுவே பச்சை நூலில் ஓர் ஓக் இலை.

மார்னி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஓக் இலைச் சங்கத்தின் பட்டை! இது எப்படி நம் வீட்டில்? பட்டையின் மூலையில், மை மங்கிப்போய், ஒரு பெயர் இருந்தது. லைல் ஹெடின்.

மூன்று மூன்று படியாகத் தாவி மேலே ஓடினாள்.

"அப்பா! இது உங்களுதா?"

லைல் காபிக் கோப்பையோடு நின்றிருந்தார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை.

"காபி ஆறிப்போச்சு" என்றார் கடைசியில். காபியிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது.

மார்னிக்குப் பட்டையைப் பார்த்த அதிர்ச்சியைவிட இது பெரிய அதிர்ச்சியாக இருந்தது. அப்பாவுக்குப் பேச்சு வரவில்லை!

"நேத்து என் பேரைக் கூப்பிட்டாங்கன்னு வந்து குதிச்சேனே. அப்பகூட நீங்க ஒண்ணும் சொல்லலையே?"

லைல் மாடிப்படியில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அது எனக்குச் சொந்தமில்ல கண்ணு. ஏமாத்தி வாங்கினது."

"நீங்களா? ஏமாத்தியா?"

"சோதனை நாள்னு ஒண்ணு இருக்கில்ல, உனக்கும் வரப்போகுது. சூரியன் வந்ததுலேர்ந்து மறையற வரைக்கும் பேசக் கூடாது. ஒரு முட்டை, ஒரு துண்டு ரொட்டி, ஒரு ஆரஞ்சு. நாள் முழுக்க வேலை. அப்ப எனக்குப் பதினாலு வயசு. என்னைத் தனியா வேலி ஓரமா களை பிடுங்க விட்டுட்டாங்க. வேலிக்கு அந்தப் பக்கம் பதினொரு மாடு. வரிசையா நின்னு என்னையே பாக்குதுங்க. நான் என்னதான் பண்ணுவேன்?"

"என்ன பண்ணீங்க?"

"ஏலம் விட்டுட்டேன்."

மார்னி கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். "பதினொண்ணையுமா?"

"ஒண்ணு விடாம. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு கத்திக் கத்தி."

மார்னி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"சாயந்தரம் ஒவ்வொருத்தரா நிக்க வெச்சு, 'மௌனம் காத்தாயா?'ன்னு கேட்டாங்க. நான், 'காத்தேன்'னு சொல்லிட்டேன். பட்டையைப் போட்டு விட்டாங்க. எங்கப்பா எழுந்து நின்னு கைதட்டினார். எனக்கு அந்தப் பட்டை கழுத்துல கல்லைக் கட்டின மாதிரி இருந்துச்சு. அடுத்த கூட்டத்துக்குப் போகலை. அதுக்கு அடுத்ததுக்கும் போகலை. அப்படியே இருபத்தாறு வருஷம் ஓடிப்போச்சு."

மார்னிக்கு ஓர் ஆசை இருந்தது. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்பவருடைய வீட்டில் யாராவது உறுப்பினர் இருந்தால், அவர் கையாலேயே பட்டையைப் போட்டுவிடலாம். பட்டையைக் கண்ட நிமிடமே அவள் மனம் அங்கே போய்விட்டது.

"எனக்கு நீங்கதான் போட்டு விடணும்" என்றாள்.

"பொய் சொல்லி வாங்கின கையாலயா?" என்றார் லைல்.

மறுநாள் லைல் சங்கத் தலைவரைப் போனில் கூப்பிட்டார். அந்தச் சங்கத்தை நடத்துவது பிள்ளைகள்தான். பெரியவர்கள் கார் ஓட்டலாம், காபி போடலாம். ஓட்டுப் போட முடியாது. அந்த வருடத் தலைவர் ஐரிஸ், பதினேழு வயது. பல்லில் கம்பி போட்டிருந்தாள். சோள வண்டி ஓட்டுவாள்.

"தலைவர் பொண்ணா?" என்று லைல் போனைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். அவர் காலத்தில் பெண்பிள்ளைகளைச் சாரணர் குழுவிலேயே சேர்க்க மாட்டார்கள்.

"ஆமாம்பா. மரியாதையாப் பேசுங்க."

"வணக்கம், தலைவரே" என்று தொடங்கினார் லைல். "நான் மறுபடி சங்கத்துல சேரணும்."

"அதுக்கென்ன சார், ஒரு படிவம் இருக்கு. கையெழுத்து போட்டா முடிஞ்சுது. ஒருமுறை உறுப்பினர்னா எப்பவும் உறுப்பினர்தான்."

"இல்ல, நான் சோதனை நாளை முதல்லேர்ந்து செய்யணும்."

"அது முடியாது சார். ஒருத்தருக்கு ஒருமுறைதான். விதி."

"ஒரே ஒரு முறை..."

"விதி, சார்."

மாட்டு வியாபாரிகள் நூறு பேரை வழிக்குக் கொண்டுவருகிற மனிதரால் ஒரு பதினேழு வயதுப் பெண்ணை அசைக்க முடியவில்லை. படிவம் தபாலில் வந்தது. மேசைமேல் கிடந்தது. லைல் அதைப் பார்க்காமலே சுற்றிப் போனார்.

படிவத்தோடு மார்னிக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. சோதனை நாளுக்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று நான்கு பக்கம். அவள் ஒவ்வொரு வரியாகப் படித்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு போலச் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு.

'பத்துப் பேர் கொண்ட ஒவ்வொரு அணிக்கும் ஒரு வழித்துணை உண்டு. அவர் பழைய உறுப்பினர். புதியவர்கள் தனியாக உணராதிருக்க, அவர்களோடு சேர்ந்து மௌனம் காத்து, அவர்கள் உண்பதையே உண்டு, அதே வேலையைச் செய்வார்.'

மார்னி அதை இரண்டு முறை படித்தாள். பிறகு குதித்தாள். தனக்காக இரண்டாம் முறை செய்யக் கூடாது. அடுத்தவர்களுக்காகச் செய்யலாம்!

போனை எடுத்தாள்.

"ஐரிஸ் அக்கா, வழித்துணைக்கு ஆள் கிடைச்சிட்டாங்களா?"

"எங்கே? நாள் முழுக்கப் பட்டினி கிடந்து வேலி கட்ட யார் வருவா? போன வருஷம் ஒருத்தரை வரவைக்க நான் கால்ல விழாத குறை."

"எங்கப்பா வருவார்."

மறுமுனையில் ஏதோ 'டமால்' என்று விழுந்தது.

"லைல் சாரா? பேசாமலா? நாள் முழுக்கவா? மார்னி, எங்க வீட்டுக் கன்னுக்குட்டிகூட இதை நம்பாதே!"

"கேட்டுப் பாருங்களேன்."

ஐரிஸ் கேட்டாள். லைல் வருவதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு மகளிடம் திரும்பினார். "இது எப்படி எனக்குத் தோணலை?" என்றார். பிறகு ஐரிஸை மறுபடி கூப்பிட்டு, சாயங்காலம் நாள் முடிந்த பிறகுதான் படிவத்தில் கையெழுத்துப் போடுவேன் என்று சொன்னார். "காலையில படிவத்தைக் கொண்டுவந்து என்கிட்ட குடுங்க சார், அதுவரை என் பையில இருக்கும்" என்றாள் ஐரிஸ்.

சனிக்கிழமை வந்தது.

சூரியன் சோளக் காட்டுக்கு மேலே எட்டிப் பார்த்ததும் ஐரிஸ் மணி அடித்தாள். பத்துப் பிள்ளைகளும் ஒரு லைலும் வாயை மூடினார்கள்.

முதல் ஒரு மணி நேரம் மார்னி அப்பாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் உதடு துடித்தது. தாடை அசைந்தது. ஒரு முயல் குறுக்கே ஓடியபோது கன்னம் இரண்டும் பூரிபோல உப்பிவிட்டன. ஆனால் சொல் வெளியே வரவில்லை.

சத்தமில்லாமலே அவர் எல்லாம் செய்தார். ஆரஞ்சு கீழே விழுந்து மண்ணான பிள்ளைக்குத் தன் ஆரஞ்சைக் கொடுத்தார். மார்னியின் தோழி டில்லி சுத்தியலால் விரலை நசுக்கிக்கொண்டபோது, தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டார். மார்னிக்கு அவர் யாரோ புது மனிதர் போலத் தெரிந்தார். அப்பாவுக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறதா?

மதியத்துக்குமேல் வேலி வேலை. முகாமை ஒட்டினாற்போல் வில்மாவின் மேய்ச்சல் நிலம். கம்பி தீர்ந்துவிட்டது என்று ஐரிஸ் வண்டியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனாள். அவள் போன இரண்டாவது நிமிடம், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வில்மாவின் வண்டி புழுதி பறக்க வந்து நின்றது.

வில்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். வியாழக்கிழமை தவறாமல் சந்தையில் முதல் வரிசையில் உட்காருவார். லைலை வம்புக்கு இழுக்காமல் ஒரு வாரமும் வீடு திரும்ப மாட்டார்.

"அட, லைலு! இங்க என்னடா பண்றே?"

லைல் தொப்பியைத் தொட்டுச் சிரித்தார்.

"போன வாரம் என் செவலைக் கிடாரியை அடிமாட்டு விலைக்குத் தள்ளி விட்டியே, உனக்கே நியாயமா இருக்கா? உன் தொண்டையில வலு போயிடுச்சு, பழைய லைலு இல்ல நீ!"

மற்ற நாளாக இருந்தால் லைல் இதற்கு அரைமணி நேரம் பதில் சொல்லியிருப்பார். இன்று தலையை மட்டும் ஆட்டினார்.

வில்மாவின் முகம் மாறியது. "ஏண்டா, காதுல விழலையா? உன்னைத்தான் சொல்றேன். ஏலம் விடத் தெரியாதவன்னு சொல்றேன்!"

லைல் எச்சிலை விழுங்கினார். பேசவில்லை.

வில்மா வெலவெலத்துப் போனார். கம்பியின் ஊடே புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். "ஐயையோ! தேவாலயத்துல முதலுதவி வகுப்புல சொன்னாங்களே! பக்கவாதம்! லைலு, என்னைப் பாரு. சிரி!"

லைல் சிரித்தார்.

"கையைத் தூக்கு! ரெண்டையும்!"

லைல் இரண்டு கையையும் தூக்கினார்.

"இப்ப உன் பேரைச் சொல்லு!"

லைல் கையைத் தூக்கியபடியே நின்றார். சொல்லவில்லை.

"போச்சு! பேச்சு போச்சு!" என்று வில்மா அலறினார். "லைலுக்கே பேச்சு வரலைன்னா வேற என்னவா இருக்கும்! உட்காரு, உட்காரு! பிள்ளைங்களா, என்ன மரம் மாதிரி நிக்கறீங்க? யாராவது ஏதாவது சொல்லுங்களேன்!"

மார்னி விரலை உதட்டில் வைத்துக் காட்டினாள். டில்லியும் வைத்தாள். பத்துப் பிள்ளைகளும் விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள்.

அது இன்னும் மோசமாகப் போயிற்று. வில்மா ஓர் அடி பின்வாங்கினார். கண்கள் தட்டுப் போல விரிந்தன.

"பிள்ளைங்களுக்குமா? பத்துப் பேருக்குமா! ஏதோ விஷக்காத்து! இல்ல, கிணத்துத் தண்ணி!" அவர் போனை எடுத்தார். "ஆஸ்பத்திரி நாப்பது மைல். வண்டி வந்து சேர்றதுக்குள்ள என்ன ஆகுமோ! ஹெலிகாப்டரையே அனுப்பச் சொல்றேன்!"

மார்னிக்குப் பகீரென்றது. ஹெலிகாப்டரா! எங்கேயோ நிஜமாகவே நோயில் கிடக்கிற யாருக்கோ வேண்டியது அது.

அப்பாவைப் பார்த்தாள். அவர் முகம் வெளிறிவிட்டது. அவருக்கும் அதேதான் தோன்றியிருக்க வேண்டும். வில்மாவின் விரல் போனின் மேல் இருந்தது. லைல் மூச்சை இழுத்தார். வாய் திறந்தது.

இருபத்தாறு வருடம். இன்னும் நான்கு மணி நேரம்தான் பாக்கி.

"வில்மா அத்தை!"

பேசியது லைல் இல்லை.

"அப்பாவுக்கு ஒண்ணுமில்ல. எங்களுக்கும் ஒண்ணுமில்ல. இன்னிக்கு நாங்க பேசக் கூடாது!"

சொல்லி முடித்ததும் மார்னி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். டில்லியின் வாய் பிளந்தது. லைல் திறந்த வாயை மூட மறந்து மகளையே பார்த்தார்.

வில்மா கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"பேசக் கூடாதா? சாரணர் சோதனையா? அட, நம்ம லைலா? காலையிலேர்ந்தா?" ஒவ்வொரு கேள்விக்கும் லைல் தலையாட்டினார். "யாராவது பந்தயம் கட்டியிருந்தா என் நிலத்தையே வெச்சுத் தோத்திருப்பேனே!"

கொஞ்சம் மூச்சு வந்ததும் எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டார். "நான் கத்தினது யார்கிட்டயும் சொல்லாதீங்க, பிள்ளைங்களா. சாயந்தரம் செர்ரிப் பழம் வெச்ச அப்பம் சுட்டு எடுத்துட்டு வரேன்." அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லை. "ஆமா, நீங்க எங்க சொல்லப் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே போனார்.

ஐரிஸ் கம்பியோடு திரும்பி வந்தபோது எல்லாரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

டில்லி மார்னியின் பக்கத்தில் வந்தாள். தன் உதட்டில் பூட்டுப் போட்டு, சாவியைத் தூர எறிவதுபோலக் கை காட்டினாள். 'நாங்க யாரும் சொல்ல மாட்டோம்.' மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள்.

மார்னிக்கு அழுகை வந்தது. சொல்லாமல் விட்டால் பட்டை கிடைக்கும். அப்பா கையாலேயே கிடைக்கும். பத்தே பத்து வார்த்தை. யாருக்குத் தெரியப் போகிறது?

ஆணியை அடித்துக்கொண்டே யோசித்தாள். செய்தித்தாளில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் கிடந்த பட்டை ஞாபகம் வந்தது. அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த மாதிரி ஞாபகம் வந்தது.

சூரியன் மறைந்ததும் ஐரிஸ் மறுபடி மணி அடித்தாள். பெரிய ஓக் மரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். அம்மா கோரா வந்திருந்தார். வில்மாவும் கையில் செர்ரி அப்பத் தட்டோடு வந்து பின்னால் நின்றார். ஐரிஸ் ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கேட்டாள்.

"மௌனம் காத்தாயா?"

"காத்தேன்."

"மௌனம் காத்தாயா?"

"காத்தேன்" என்றாள் டில்லி.

"மார்னி ஹெடின், மௌனம் காத்தாயா?"

"இல்ல" என்றாள் மார்னி.

ஐரிஸின் கையிலிருந்த தாள் நழுவிக் கீழே விழுந்தது. கூட்டத்தில் யாரோ 'ஹா' என்றார்கள். அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"பத்து வார்த்தை பேசினேன். எண்ணினேன்."

ஐரிஸ் தாளை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பார்த்தாள். "இதுவரைக்கும் யாருமே 'இல்ல'ன்னு சொன்னதில்ல" என்றாள். தலைவர் மாதிரி இல்லாமல், பதினேழு வயதுப் பெண் மாதிரிச் சொன்னாள். "இப்ப நான் என்ன பண்ணணும்னு இதுல போடலையே!"

"தலைவரே, நானும் ஒரு வார்த்தை" என்று டில்லி கையைத் தூக்கினாள். முகம் சிவந்திருந்தது. "சுத்தியல் விரல்ல விழுந்தப்ப. மெதுவாத்தான் சொன்னேன். என்ன வார்த்தைன்னு மட்டும் கேட்காதீங்க."

அப்போது வரிசையின் கடைசியிலிருந்து கரகரத்த குரல் ஒன்று வந்தது.

"என்னை யாரும் கேட்கலை. ஆனா நானும் சொல்லணும்."

லைல் முன்னால் வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"இருபத்தாறு வருஷத்துக்கு முன்னாடி இதே மரத்தடியில, காத்தேன்னு பொய் சொன்னேன். அன்னிக்கு அந்த வேலிகிட்ட நின்னு பதினொரு மாட்டை ஏலம் விட்டேன். அந்த வெட்கத்துலதான் இத்தனை வருஷம் வரலை. என் பொண்ணுக்கு ஒரு நிமிஷத்துல வந்த தைரியம் எனக்கு வர இவ்வளவு நாளாச்சு."

கூட்டத்துக்குப் பின்னாலிருந்து வில்மா அப்பத் தட்டோடு முண்டியடித்து வந்தார்.

"அந்த வேலிக்கு அந்தப் பக்கம் எங்க நிலமாச்சே! அப்ப அதுங்க எங்க மாடுங்கல்ல! என் மாட்டையாடா வித்தே?"

"ஆமாக்கா."

"பதினொண்ணையுமா? யாருக்குடா வித்தே?"

"வேலித்தூணுக்கு."

கூட்டம் சிரித்த சிரிப்பில் ஓக் மரத்துக் குருவிகள் எல்லாம் கலைந்து பறந்தன. ஐரிஸும் பல் கம்பி தெரியச் சிரித்தாள். பிறகு சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னிக்கு, சார்? இன்னிக்குக் காத்தீங்களா?"

"காத்தேன்."

"நான் சாட்சி!" என்றார் வில்மா. "பேச மாட்டேன்னு நின்னான் பாரு, நான் ஹெலிகாப்டர் வரைக்கும் போயிட்டேன்! இந்தப் பொண்ணு வாயைத் திறக்கலைன்னா அது இந்நேரம் இங்க வந்து இறங்கியிருக்கும்." நடந்ததையெல்லாம் அவரே சொன்னார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டது அவருக்கு மறந்தே போயிற்று.

ஐரிஸ் கேட்டு முடித்தாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு மார்னியின் அணியைப் பார்த்துத் திரும்பினாள்.

"நாள் முழுக்கக் கூட இருந்தது நீங்கதான். நீங்களே சொல்லுங்க. மார்னிக்குப் பட்டை குடுக்கலாமா?"

ஒன்பது பேரின் கைகளும் ஒரே நேரத்தில் மேலே போயின. டில்லி கட்டுப் போட்ட கையையும் சேர்த்து இரண்டு கை தூக்கினாள். ஐரிஸ் அவளைப் பார்த்தாள். "உனக்கும்தான் டில்லி. கையை இறக்கு."

பிறகு தன் பையிலிருந்து படிவத்தை எடுத்து லைலிடம் நீட்டினாள். லைல் அதை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். இருபத்தாறு வருடம் சுற்றிவந்த வேலை, ஒரு நொடியில் முடிந்தது.

புதுப் பட்டையை வாங்கி மகளின் தோளில் போட்டு, சுருக்கமில்லாமல் நீவிவிட்டார். மணி அடித்தாயிற்று, இனி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இப்போது அடைமழையாகக் கொட்டப் போகிறார் என்று எல்லாரும் காத்திருந்தார்கள்.

லைல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கண் நிறைய நீர் நின்றது.

வில்மாவுக்கு மறுபடி தூக்கிவாரிப்போட்டது. அப்பத் தட்டை அருகிலிருந்தவர் கையில் திணித்தார்.

"இப்பவும் பேச மாட்டேங்கறானே! லைலு, என்னைப் பாரு. சிரி!"

லைல் சிரித்தார்.

"கையைத் தூக்கு!"

லைல் இரண்டு கையையும் தூக்கி, அப்படியே மார்னியைச் சேர்த்து அணைத்துக்கொண்டார்.

"இப்ப உன் பேரைச் சொல்லு!"

"லைல் ஹெடின்" என்றார் அவர். "ஓக் இலைச் சங்கத்து உறுப்பினர்."

அதன் பிறகு, வீடு போய்ச் சேரும்வரை அவர் வாயை மூடவே இல்லை. மார்னி பட்டையைக் கழற்றாமல், செர்ரி அப்பத்தைத் தின்றுகொண்டே, ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டு வந்தாள்.